களவில் தந்த வாக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், அபிஷேகப்பாக்கத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள் தவறாது கூடி வரும் இவ்வட்டம், இன்று எனக்கு அளித்துள்ள தலைப்பு ‘அகத்திணையில் களவு’ என்பதாகும். வகுப்பறையில் பலமுறை பேசிய பொருள்தான். ஆயினும் இன்று ஏட்டிலிருந்து தொடங்காமல், நம் ஊர் விளையாட்டுத் திடலிலிருந்து தொடங்க விரும்புகிறேன். களவு பற்றி நான் கற்பித்ததையெல்லாம் ஒரு கால்பந்தாட்டக்காரன் எனக்கு மீண்டும் கற்பித்தான் என்பதே அதற்குக் காரணம்.

மூன்றாண்டுகளுக்கு முன், எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திற்காக மாலை வேளைகளில் என் இல்லத்திற்கு வருவான். விடியற்காலையில் திடலில் ஓடிவிட்டு, தவளக்குப்பம் சென்று பேருந்து ஏறிப் பள்ளிக்குப் போகும் பிள்ளை. ஒருநாள் பாடம் முடிந்ததும் எழாமல் அமர்ந்திருந்தான். “அம்மா, ஒரு காலேஜ்ல எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் தர்றேன்னு சொல்லிட்டாங்க. நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றான். தொலைநகர் ஒன்றிலுள்ள கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் ஒருவர் அவன் ஆட்டத்தைப் பார்த்து வாய்மொழியாகத் தந்த வாக்கு அது. வெளியே சொல்ல வேண்டா என்றவரும் அவரே. பெற்றோர்க்கும் எனக்கும் அன்றி வேறு எவர்க்கும் அது தெரியாது.

மகிழ்ச்சியான செய்தியை மறைப்பானேன் என்று அன்று வியந்தேன். பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, இவ்வழக்கம் உலகெங்கும் உள்ளதென உணர்ந்தேன்.

கொல்கத்தாவை எடுத்துக்கொள்வோம். 1889-இல் தோன்றிய மோகன் பகானும் 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலும் வங்காளத்தின் இரு பெருங்கழகங்கள். ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் பருவம் வந்துவிட்டால், ஒப்புக்கொண்ட ஆட்டக்காரரைக் கழகத்தார் தமக்கு வேண்டியவர் வீடுகளிலும் விடுதிகளிலும் மறைத்து வைத்துக் காவல் காப்பது முன்பு வழக்கமாக இருந்தது. சங்க அலுவலகத்தில் அவர் கையொப்பமிடும் நாள்வரை எதிர்க்கழகத்தார் கண்ணில் படலாகாது என்றிருந்தது. 1985-இல் கிருஷாணு தே, விகாஷ் பாஞ்சி என்னும் இருவரும் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றதை அந்நகரத்து முதியவர்கள் இன்றும் கதைபோற் கூறுவர். வாக்குக் கொடுத்தது ஒரு நாள், கையொப்பமிட்டது மற்றொரு நாள். இடைப்பட்ட காலம் முழுதும் மறைவே.

அமெரிக்காவில் இது ஒரு பெருவழக்காகவே உள்ளது. அங்குக் கால்பந்து எனப்படுவது நாம் அறிந்த ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவரைத் தேடிச் சென்று உதவித்தொகை தருவதாகக் கூறி அழைக்கின்றன. மாணவன் வாய்மொழியாக ஒப்புக்கொள்கிறான். அவ்வொப்புதல் இரு தரப்பாரையும் சட்டத்தால் கட்டுப்படுத்துவதில்லை. டிசம்பரிலோ பிப்ரவரியிலோ வரும் கையொப்ப நாளில்தான் அது உறுதியாகும். இடையில் தன் முடிவைப் பயிற்றுநரிடம் மட்டும் சொல்லி, உலகிற்குச் சொல்லாதிருப்பதை அங்கு ‘மௌன ஒப்புதல்’ என்னும் பொருள்படும் தொடரால் குறிக்கின்றனர்.

மௌனம் ஏன்? காரணங்கள் பல. முடிவு வெளிப்பட்டால் பிற கல்லூரிகள் விலகிப் போகும். நாளை முதற்கல்லூரி கைவிட்டால் நிற்க இடமிராது. விலகாத கல்லூரிகளோ முன்னிலும் மும்மடங்கு நெருக்கும். தன்னூர்க் கல்லூரியை மறுத்தவன் தன் ஊராரின் சினத்திற்கு ஆளாவான். ஒரு கல்லூரிக்கு உரியவன் என அறியப்பட்டபின் மற்றக் கல்லூரிகளைச் சென்று பார்ப்பது அரிதாகும். சில வேளைகளில் பயிற்றுநரே மறைக்கச் சொல்வார். அதே இடத்தில் ஆடும் மற்றொரு மாணவன் செய்தியறிந்து வேறிடம் போய்விடலாகாது என்பது அவர் கணக்கு. மேசைமீது பல கல்லூரிகளின் தொப்பிகளை வைத்து, அவற்றுள் ஒன்றை எடுத்து அணிந்து அறிவிக்கும் அந்த ஒரு நாள் மகிழ்ச்சிக்காகக் காத்திருக்கும் இளமை விருப்பும் உண்டு.

வெளிப்படச் சொன்ன வாக்கேனும் நிலைக்கிறதா எனில், அதுவும் உறுதியன்று. டிராவிஸ் ஹண்டர் என்னும் மாணவர் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திற்கே வருவதாக அறிவித்திருந்தார். 2021 டிசம்பர் கையொப்ப நாளில் ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து அனைவரையும் திகைக்கச் செய்தார். கல்லூரிகளும் தந்த வாக்கைத் திரும்பப் பெறுவதுண்டு. பயிற்றுநர் பணி மாறிச் செல்வதும் உண்டு.

அவையோரே, இதுவரை கேட்டவற்றை நம் அகத்திணை மொழியில் சொல்லிப் பாருங்கள். இருவர் மட்டும் அறிந்த ஒப்புதல் களவு. சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். பலரறியப் பரவுவது அலர். ஒப்புதல் அறியாத அயலார் பெண் கேட்டு வருவது நொதுமலர் வரைவு. பலரறிய உறுதி செய்வது வரைவு. வள்ளுவரும் காமத்துப்பாலில் அலர் அறிவுறுத்தலை 115-ஆம் அதிகாரமாகத் தனித்து வைத்தார். அவரே பொருட்பாலில், வினைத்திட்பம் என்னும் 67-ஆம் அதிகாரத்தின் மூன்றாம் குறளில், செய்யும் செயல் முடிவில்தான் வெளிப்பட வேண்டும், இடையில் வெளிப்படின் நீங்காத துன்பம் தரும் என்னும் கருத்தை அமைத்தார். ஆகவே மறைத்தல் பொய்யன்று. நிறைவேறும் வரை ஒன்றைக் காப்பதற்குரிய வேலி. அம்மாணவன் செய்தது வள்ளுவர்க்கும் உடன்பாடே என்று அன்று நான் மனநிறைவு கொண்டேன்.

நான் தவறியது இவ்விடத்திலேதான்.

சில வாரங்கள் கழித்து வேறொரு கல்லூரியின் பயிற்றுநர் அவன் இல்லம் தேடி வந்தார். நானும் அங்கிருந்தேன். கட்டணமில்லாப் படிப்பும் விடுதியும் தருவதாகச் சொன்னார். மாணவன் தலை கவிழ்ந்து, “இல்ல சார், வரலை” என்றான். அவர் என் பக்கம் திரும்பி, “ஏம்மா, பையன் ஏன் வேணாங்கிறான்?” என்று கேட்டார். காரணம் அறிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. நம்பிச் சொன்னதைக் காப்பதே அறம் என்று இருந்துவிட்டேன். அவர் எழுந்து போனார்.

சேர்க்கைப் பட்டியல் வெளியான அன்று அவன் பெயர் அதில் இல்லை. வாக்களித்தவர் பணி மாறிச் சென்றுவிட்டார். அவரிடத்திற்கு வந்தவர், அப்படியொரு வாக்கு எவர்க்கும் தரப்பட்டதாகத் தமக்குத் தெரியாது என்றார். மற்றக் கல்லூரியிலும் இடங்கள் நிரம்பிவிட்டன. அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவன் கேட்டது ஒன்றுதான்: “அவர் சொன்னது நிஜம்னு யாரும்மா சொல்லுவாங்க?”

எனக்குக் குறுந்தொகையின் 25-ஆம் பாடல் நினைவிற்கு வந்தது. கபிலர் பாடியது, நீங்கள் அனைவரும் அறிந்தது. அவன் என்னை ஏற்றுக்கொண்டபோது அங்கு வேறு யாருமில்லை, அவனே பொய்த்தால் நான் என் செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். அங்கிருந்தது ஒரு குருகு மட்டுமே. அக்குருகின் கண்ணும் மீன்மேல் இருந்தது. பல்லாண்டுகள் அப்பாடலை நடத்தியிருக்கிறேன். குருகின் காலை ஆசிரியர் தினைத்தாளுக்கு உவமித்த நயத்தை விரித்துரைத்து மாணவரை மகிழ்வித்திருக்கிறேன். அச்சொற்களுக்குள் இருக்கும் அச்சம் எவ்வளவு பெரிது என்பதை அந்தத் திண்ணையில்தான் அறிந்தேன். அந்தக் குருகாக நின்றவள் நானே என்பதையும் அறிந்தேன்.

களவு இருவர்க்கும் ஒரே அளவில் பாதுகாப்புத் தருவதில்லை. அயலாரிடமிருந்து அது மெலியவரைக் காக்கும். வாக்களித்த வலியவரிடமிருந்து காக்காது. மறைவு நீளுந்தோறும் வலியவர்க்கு ஆதாயம் கூடுகிறது. மெலியவர் கைச்சான்று குறைகிறது. இதனைச் சங்கச் சான்றோர் நன்கு உணர்ந்திருந்தனர். அதனாலன்றோ களவிலேயே நீளத் திளைக்கும் தலைவனை வரைவு கடாவும் பணியைத் தோழிக்குத் தந்தனர்! நொதுமலர் வரும் வேளையில் மறைபொருளை உரியவரிடம் உரியவாறு வெளிப்படுத்தும் செயலுக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயரிட்டனர். மறைத்தலுக்கு அறம் என்ற பெயரைத் தரவில்லை. வெளிப்படுத்தலுக்கே தந்தனர் என்பது இங்கு எண்ணத்தக்கது.

அன்று அந்தப் பயிற்றுநரிடம், “இப்பிள்ளைக்கு வேறொரு கல்லூரி வாய்மொழியாக வாக்களித்திருக்கிறது, நீங்கள் எழுத்தில் தருவீர்களா?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். முதற்கல்லூரிக்கும் அச்செய்தியைத் தெரிவித்து, எழுத்தில் கேட்கும்படி மாணவனைத் தூண்டியிருக்க வேண்டும். தோழியாய் நின்று அறத்தைப் பேச வேண்டிய இடத்தில், குருகாய் நின்று மௌனத்தைக் காத்தேன்.

பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்னும் செய்தியைத் தொல்காப்பியக் கற்பியல் தருகிறது. விளையாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஒப்புக்கொண்ட மாணவரை ஒருவரிடமிருந்து ஒருவர் கவர்ந்த காலத்தில், 1964-இல் அமெரிக்கக் கல்லூரிகள் ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்னும் ஒப்புதல் மடலை வகுத்தன. அறுபது ஆண்டுகள் வழங்கிய அம்மடல் 2024-இல் கைவிடப்பட்டு, அதனிடத்தை நிதியுதவி ஒப்பந்தம் பெற்றது. மடலின் பெயர் மாறலாம். ஏட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடும் கரணம் மட்டும் மாறவில்லை.

அம்மாணவன் ஓராண்டு இழந்து, மறு ஆண்டு கட்டணம் செலுத்தி ஒரு கல்லூரியில் சேர்ந்தான். இன்றும் ஆடுகிறான். என்மீது அவனுக்கு வருத்தமில்லை, எனக்குத்தான் உண்டு. இப்போது எந்தப் பிள்ளையேனும் என்னிடம் வந்து “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றால், “சொல்ல மாட்டேன் தம்பி, ஆனால் அவங்க சொன்னதை எழுத்தில வாங்கினியா?” என்று கேட்கிறேன். இல்லையென்றால் மறுநாளே கடிதம் எழுத உடன் அமர்கிறேன்.

கவிஞர் பெருமக்களே, மறைபொருளின் அழகைப் பாடுவதில் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பயிற்சி உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் வாய்ச்சொல்லை நம்பி வெளியூர் செல்லும் இக்காலத்தில், அவர்கள் நம்பிச் சொல்லும் செய்திகளுக்கு நாம் சான்றாகவும் நிற்க வேண்டும். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தார் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்கேனும் அவ்வாறு துணை நிற்பீர்களாயின், இன்று நான் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.