சுறாவின் கடல் யாத்திரை

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பிள்ளை பெற்ற வீட்டார் மீன்கடையில் பால்சுறாவைத் தேடி வாங்கி, புட்டுச் செய்து தாய்க்குக் கொடுப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆயினும், மரக்காணத்துக் கரையில் வந்திறங்கும் மீன் எங்கே பிறந்து, எவ்வழியே சஞ்சரித்து வந்தது என்று நாம் விசாரிப்பதில்லை.

அந்த விசாரணையையே தம் பணியாகக் கொண்ட கடல் விஞ்ஞானிகள், 2003-ஆம் ஆண்டு நவம்பரில், தென்னாப்பிரிக்கக் கரையருகே ஒரு பெரிய வெள்ளைச் சுறாவின் முதுகுத் துடுப்பின் அடியில், ஆழத்தையும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் ஓயாமல் பதிந்துகொண்டு, குறித்த காலத்தில் தானே கழன்று மிதந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவியொன்றைப் பொருத்தினார்கள். நிக்கோல் என்று பெயரிடப்பட்ட அந்தச் சுறா, 99 நாட்களில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை அடைந்தது. வழியில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்திற்கும் இறங்கியிருக்கிறது. அத்தனை தூரம் சென்ற பிராணி, 2004 ஆகஸ்டில், புறப்பட்ட கடலுக்கே திரும்பிவிட்டதைத் துடுப்பின் ஓரத்திலிருந்த வெட்டுகளைப் புகைப்படங்களில் ஒப்பிட்டு அறிந்தார்கள். என்ன அற்புதமான யாத்திரை!

நம் மீனவர் அம்மணி உழுவை என்றழைக்கும் திமிங்கலச் சுறா, 2001-இல் நம் தேசத்தில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. குஜராத் கடலில் 2011 முதல் அதற்கும் இத்தகைய கருவி பொருத்தி ஆராய்கிறார்கள். அங்கே அது வலையில் சிக்கினால், மீனவர்கள் தம் வலையையே அறுத்து அதை விடுவிக்கிறார்கள். வலைக்கான நஷ்டஈட்டை வனத்துறை அளிக்கிறது.