நிலக்கடலைத் தயிரும் நம் குழந்தைகளும்

பஞ்சாயத்து உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே!

கறந்த பால் முழுவதையும் விற்றுவிட்டு, குழந்தைக்கு மோருமின்றிச் சோறிடும் இல்லங்கள் நம் கிராமங்களில் உண்டு. பாலுக்கு ஈடாக நிலக்கடலைத் தயிர் ஆகுமா என இன்று ஆராய்வோம்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மல்லாட்டை என நாம் அழைக்கும் கடலையே இது. பகலில் ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, துணியில் வடிகட்டி, நன்கு காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் உறையிட்டால் மறுநாள் தயிராகும். பூசணம் பூத்த கடலையை அறவே விலக்க வேண்டும். அதன் நச்சு காய்ச்சினாலும் நீங்காது.

100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. மைசூரில் 1950-இல் நிறுவப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கடலைப் புரதத்தைப் பாலுடன் கலந்தே ‘மில்டோன்’ என்னும் பானத்தை உருவாக்கிற்று, பாலை நீக்கிவிடவில்லை. ஏனெனில் கடலையில் சுண்ணாம்புச் சத்து குறைவு. பி12 வைட்டமின் இல்லை.

முதற்குறையைக் கேழ்வரகு பெரிதும் தீர்க்கும். அதன் 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துண்டு. பசும்பாலிலோ சுமார் 120 மில்லிகிராமே. ஆகவே கேழ்வரகுக் கூழிலும், கல்வராயன் மலைச் சாமைச் சோற்றிலும் கடலைத் தயிரைச் சேர்த்து, முருங்கைக் கீரையுடன் உண்போம். பி12-க்கோ பாலும் முட்டையும் வேண்டும்.

கடலை ஒவ்வாதோர் இதனைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு.

எனவே, கடலைத் தயிர் பெரியோர் உணவில் இடம் பெறட்டும். கறந்த பாலில் முதற்குவளை குழந்தைக்கு, எஞ்சியதே விற்பனைக்கு. இதனை ஒவ்வொரு பஞ்சாயத்தும் வீடுதோறும் எடுத்துரைக்குமாக!