மாடி வரை ஏறும் கார்

நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவைத் தெரியாதவர் உண்டா? தூத்துக்குடியில் 1927-ல் பிறந்தவர். கோட்டு சூட்டு, ரப்பர் மாதிரி வளைகிற உடம்பு, தமிழ்ப் பாட்டுக்கு நடுவே மேல்நாட்டு யோடலிங். ‘சபாஷ் மீனா’ படத்தில் இரட்டை வேடம் போட்டு அமர்க்களப்படுத்தினார். எவ்வளவு பெரிய ஆளிடமும் மனதில் பட்டதைப் பட்டென்று பேசிவிடுவார். ‘என்ன தெனாவட்டு!’ என்பார்கள்.

அந்தத் தெனாவட்டுக்காரர் ஆசையாகக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியோ, தன் மனம் வேறொருவரிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டார். சண்டையில்லை, சச்சரவில்லை, இவரே அனுப்பி வைத்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. குடியும் சேர்ந்துகொண்டது.

சென்னையில் மாடி வரை கார் ஏறிப் போகும்படி வீடு கட்ட ஆரம்பித்தார். அத்தனை பெரிய வீட்டில் யாரை உட்கார வைக்க நினைத்தாரோ! ‘மாடி வீட்டு ஏழை’ என்று சொந்தப் படமும் தொடங்கினார். வீடும் முடியவில்லை, படமும் முடியவில்லை. பெயரைப் பாருங்கள், தன்னைப் பற்றியே வைத்தது போல இருக்கிறது.

1974-ல் காலமானபோது அவருக்கு வயது 46. கடைசிவரை உரிமையோடு பழகிய சிலரில் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனும் ஒருவர்.