அரியலூர்ப் பாறையின் வயதும் அணு உலையின் வெப்பமும்

ஆண்டிமடத்திற்கு மேற்கே, அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளுக்காகத் தோண்டப்படும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட்டு எனப்படும் சுருள் ஓட்டுக் கடலுயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பதால், இந்நிலம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்பதில் ஐயமில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் வெளியான தம் ஆய்வில் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்து அடுக்கின் வரிசையை நிறுவினார். ஆனால் அவற்றின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்ல அன்று வழியில்லை. 1896இல் ஆன்றி பெக்கெரல் யுரேனியத்தில் கண்ட கதிரியக்கமே பின்னாளில் அவ்வழியைத் திறந்தது.

நிலையற்ற அணுக்கரு ஒன்று ஆல்பா, பீட்டா துகள்களையோ காமாக் கதிரையோ வெளியிட்டுத் தானே மாறுவதே கதிரியக்கச் சிதைவு. எந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் கூற இயலாது. எனினும், பெருந்திரளான அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம், அதாவது அரை ஆயுட்காலம், சூடேற்றினாலும் அமிலத்தில் கரைத்தாலும் மாறுவதில்லை.

புதைபடிவம் என்றாலே கார்பன்-14 ஆய்வு என்று மாணவர் பலர் எழுதிவிடுவது பிழை. அதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகளே என்பதால், பத்து அரை ஆயுட்காலம் கழிந்ததும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். கீழடி அகழாய்வின் கி.மு. ஆறாம் நூற்றாண்டைக் காட்ட அது போதும்; 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அரியலூர் அம்மோனைட்டுக்கு உதவாது. வண்டல் படிந்து உருவான பாறையிலோ, பழைய பாறைகளின் துகள்களே கலந்திருப்பதால், அதை நேரடியாக அளந்தால் துகளின் வயதுதான் பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே, வேறு நாடுகளில் அதே இன அம்மோனைட்டுகளுடன் இடையிடையே எரிமலைச் சாம்பல் படிந்துள்ள அடுக்குகளில், 125 கோடி ஆண்டு அரை ஆயுட்காலமுள்ள பொட்டாசியம்-40 ஆர்கானாக மாறிய அளவைக் கணித்து, அந்த வயதை இங்குள்ள அடுக்குகளோடு பொருத்துகின்றனர்.

சிதைவை விரைவுபடுத்த இயலாத மனிதர், நியூட்ரானால் தாக்கி யுரேனியம்-235 அணுக்கருவைப் பிளக்கக் கற்றனர். ஒரு பிளவில் வெளிப்படும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் அடுத்த பிளவுகளை உண்டாக்குவதே தொடர்வினை. 1984இல் மின்னுற்பத்தி தொடங்கிய கல்பாக்கம் முதல் உலை, கனநீரால் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்து, யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடே உள்ள இயற்கை யுரேனியத்தைக் கொண்டு இத்தொடர்வினையை நடத்தியது. நியூட்ரான்களை உறிஞ்சும் பொருளைச் செலுத்திப் பிளவை நொடிகளில் நிறுத்தலாம்; பிளவால் பிறந்த துண்டுகளின் சிதைவை நிறுத்த முடியாது, அது தன் அரை ஆயுட்காலப்படியே வெப்பம் தந்துகொண்டிருக்கும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்பாக்கத்தின் கடல்நீர் இறைக்கும் கூடத்தில் புகுந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. 2011இல் புகுஷிமாவிலோ, நிலநடுக்கத்தின்போதே உலைகள் நின்றுவிட்ட போதிலும், பின்வந்த ஆழிப்பேரலை மின்வசதியை அழித்ததால் குளிர்விப்பு தடைபட்டு, அச்சிதைவு வெப்பமே எரிபொருளை உருக்கியது. அணுமின் நிலையம் பாதுகாப்பானதா என்று வினவும் மாணவர், உலையை எவ்வளவு விரைவில் நிறுத்தலாம் என்பதோடு, நின்ற உலையை மின்சாரமின்றி எத்தனை நாள் குளிர்விக்க இயலும் என்பதையும் கேட்க வேண்டும்.