பால்காட்டும் ஈறும் பள்ளிப் பிள்ளைகளும்



தேனியிலிருந்து கூடலூர் வரை, கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாய் வழங்குகின்றன. குமுளி மலையேறினால் மலையாளம் எதிர்கொள்ளும். இருமொழிகளுக்கிடையே வளரும் பிள்ளை, 'அரசி வந்தது' என ஏட்டில் எழுதினால் அதனை மடமை என்பார் உளர். மடமையன்று, அது வீட்டுமொழியின் நெறியாதல் கூடும்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே திணைப் பாகுபாட்டில்தான். திணை இரண்டு, பால் ஐந்து. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என வினையின் ஈறே பாலை உணர்த்திவிடும். கன்னடமும் ஒருமையில் ஆண், பெண், ஒன்று என மூன்றையும் பிரிக்கும். தெலுங்கோ ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே ஈறு தரும். மங்கை வந்தாலும் மாடு வந்தாலும் 'வச்சிந்தி'. மலையாள வினைமுற்றோ பால்காட்டுவதே இல்லை, அனைத்துக்கும் 'வந்நு'. ஆகவே எப்பிள்ளை எவ்விடத்தில் இடறும் என்பதை ஆசிரியர் முன்னரே அறியலாம்.

இடச்சு மொழியை நோக்குக. அங்குப் பெயர்ச்சொற்களை 'தெ', 'எத்' என்னும் இரண்டு அடைச்சொற்கள் வகைப்படுத்துகின்றன. பொருளைக் கொண்டு வகையைத் துணிதல் பெரும்பாலும் இயலாது. சிறுமியைக் குறிக்கும் சொல்லே அஃறிணைபோல் 'எத்' ஏற்கும். அம்மொழி ஒன்றே பேசும் பிள்ளைகளும் 'எத்' வருமிடத்தில் 'தெ' எனச் சொல்லிப் பள்ளிப்பருவம் வரை இடறுகின்றனர். துருக்கியம் முதலிய பிறமொழி வழங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் நெடுநாள் ஆகிறது. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டே பழக வேண்டியிருத்தலின், கேள்வி குறைந்தால் தேர்ச்சியும் தாழ்கிறது.

தமிழ்ப் பாலோ பொருள்வழிப்பட்டது. ஆடவன், பெண், மாடு என வேறுபாடறிந்த பிள்ளை பாதிவழி கடந்துவிட்டது, எஞ்சியது ஈறே. அதுவும் கேள்வியால் வருவது. 'மாடுகள் வந்தன' என்பது தமிழர் வீட்டுப் பேச்சிலும் இல்லை. 'மாடுக வந்துச்சு' என்பதே வழக்கு. பலவின்பால் கற்கையில் தமிழ்வீட்டுப் பிள்ளையும் தெலுங்குவீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்தோரே!

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆயினும் நாள்முழுதும் ஆங்கிலம் ஒலிக்கும் வகுப்பில், ஒரு பாடவேளைத் தமிழால் ஈறு பழகுமா? தமிழ் பாடமாக மட்டுமன்றிப் பயிற்றுமொழியாகவும் நிற்றல் வேண்டும்.

ஆசிரியர்காள்! பிழைத்த பிள்ளையை எள்ளற்க; வீட்டுமொழியை விடுமாறு வற்புறுத்தற்க. "ஆம், அரசி வந்தாள், வந்து என்ன செய்தாள்?" எனத் திருந்திய தொடரையே மறுமொழியாக்குக. நாள்தோறும் கதை சொல்லுக. செவி நிறைந்தால் நா திருந்தும்.

வாழ்க தமிழ்!