வண்ண நகல் எடுக்கப் பழகுவோம்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கேட்கிறார்கள். உதவித் தொகைக்கு மனுச் செய்யப் போனால் அடையாள அட்டையின் நகலைக் கேட்கிறார்கள். போட்டோஸ்டாட் என்று நாம் சொல்லும் இந்த நகலை வண்ணத்தில் எடுக்கும் சிறிய இயந்திரம், இன்று பள்ளி அலுவலகத்திலும் சில வீடுகளிலும் இடம் பிடித்திருக்கிறது. அதைக் கண்டு நாம் தயங்க வேண்டியதில்லை.

மின்னூட்டத்தையும் பொடியையும் கொண்டு முதல் உலர் நகலை எடுத்தவர் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன். அது நடந்தது 1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள். இன்றைய வண்ண இயந்திரங்களில் பொடி மை உடையவை ஒரு வகை. நீர் மை உடையவை மற்றொரு வகை. எதுவானாலும் பொதுவாக நான்கு மைகள்தாம்: பச்சை கலந்த நீலம், ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மற்ற நிறங்களெல்லாம் இவற்றின் கலவையே.

இயந்திரம் புதிதாக வந்தால், உள்ளும் புறமும் ஒட்டியுள்ள நாடாக்களை முதலில் அகற்றுவோம். வெயில் படாத, ஈரம் இல்லாத, சமமான மேசையில் வைப்போம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். காகிதம் நமத்துப் போனால் உள்ளே சிக்கிக் கொள்ளும். ஆகவே, மீதிக் காகிதத்தை உறையிலேயே மூடி வைப்போம்.

பத்திரத்தின் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி, கண்ணாடியின் மூலையில் உள்ள குறியோடு பொருத்தி வைத்து மூடுவோம். முதலில் ஒரே ஒரு நகல் எடுத்து, எண்களும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றவற்றை எடுப்போம். மனுக்களுக்குப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையே போதும். பிள்ளைகளின் நிலப்படம், அறிவியல் படம் போன்றவற்றுக்கு மட்டும் வண்ணத்தைப் பயன்படுத்தினால் செலவு குறையும்.

காகிதம் சிக்கினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கிழியாமல் மெல்ல இழுப்போம். பொடி மை இயந்திரத்தின் உட்பகுதி சுடும். சற்று ஆறவிட வேண்டும். நீர் மை இயந்திரத்தைப் பல வாரம் சும்மா விட்டால் மை உலர்ந்து அடைத்துக் கொள்ளும். வாரம் ஒரு வண்ணத் தாளாவது எடுப்பது நல்லது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. நம் பள்ளிக்கு மகனைச் சேர்க்க வந்த தகப்பனார் ஒருவர் நகலை மட்டும் நீட்டினார். மூலப் பத்திரம் எங்கே என்று கேட்டபோதுதான் அவர் முகம் வெளுத்தது. பட்டணத்துக் கடையின் கண்ணாடிமேல் அதை விட்டுவிட்டு வந்திருந்தார்! நல்ல வேளை, மறுநாள் கிடைத்தது. பத்திரமில்லாமல் அலைந்த குடும்பங்களை நாம் தோட்டங்களில் பார்த்தவர்கள்தாமே? ஆகவே, நகலை எண்ணுவதற்கு முன் மூலத்தைக் கையில் எடுப்போம்.

அடையாள அட்டையின் நகலைப் பிறரிடம் கொடுக்கும்போது, குறுக்கே இரு கோடுகள் இழுத்து, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் எழுதுவோம். வேறு காரியத்துக்கு அதைப் பயன்படுத்துவது கடினமாகும்.

நகல் தொலைந்தால் இன்னொன்று எடுத்துக் கொள்ளலாம். மூலம் தொலைந்தால் எத்தனை நாள் கூலியை இழந்து அலைய வேண்டியிருக்கும்! இன்றிரவே வீட்டிலுள்ள பத்திரங்களை எடுத்துப் பார்த்து, ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துவோம்.