சிந்து-கங்கைச் சமவெளியின் காற்று மாசு: பொருளியல், சமூகக் காரணங்கள்



நுண்துகள் மாசு, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத விட்டமுடையதாய் நுரையீரலின் ஆழம் வரை செல்லும் துகள்களின் செறிவு, பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை நீளும் சமவெளியில் மிகுந்தும் தென் மாநிலங்களில் குறைந்தும் இருப்பதற்கு இமயமலையும் கடற்காற்றுமே காரணம் என்று சொல்லி அமைவது எளிது. மலை காற்றைத் தடுப்பதும், குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று படிவதால் புகை மேலெழ முடியாமற் போவதும் உண்மையே. ஆயினும் நில அமைப்பு புகையைத் தேக்கி வைக்குமேயன்றி உண்டாக்காது. புகையின் தோற்றத்தை விலையிலும் சட்டத்திலும் அடுப்பங்கரையிலும் தேடவேண்டியிருக்கிறது.

பஞ்சாபின் நெல் இதற்குத் தக்க சான்று. கோதுமையை முதன்மை உணவாகக் கொண்ட அம்மாநிலத்தில் நெல் பரவியதற்கு, அரசு குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அதைக் கொள்முதல் செய்ததும் உழவுக்கு மின்சாரத்தை இலவசமாக வழங்கியதும் பெருங்காரணங்களாகும். நிலத்தடி நீர் வற்றவே, ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்று 2009-இல் சட்டம் இயற்றப்பட்டது. நீரைக் காக்க எழுந்த அச்சட்டம் அறுவடையைப் பின்தள்ளியதால், கோதுமை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. காற்று ஓய்ந்து புகை தேங்கத் தொடங்கும் நாட்களும் அவையே. அரிவாள் தரையை ஒட்டி அறுக்கும். கதிர் அறுவடை எந்திரமோ அரிதாளை நிற்கவிட்டு, வைக்கோலை வயலிலேயே கொட்டிச் செல்லும். தமிழகத்தில் மாட்டுத் தீவனமாகப் போரேறும் வைக்கோல், கோதுமைத் தாளையே தீவனமாகக் கொண்ட பஞ்சாபில் பெரிதும் வேண்டாப் பொருளாகிவிட, ஆள்வைத்து அகற்றும் செலவை ஒரு தீக்குச்சி மிச்சப்படுத்துகிறது. உழவரை அபராதத்தால் திருத்த முற்படும் அரசுகள் கொள்முதல் கொள்கையைத் தொடத் தயங்குவது விந்தையே.

அரிதாள் புகை நவம்பரில் தில்லிச் செய்தித்தாள்களை நிறைத்துவிட்டு மறைந்துவிடும். விறகும் வறட்டியும் எரியும் அடுப்போ ஆண்டு முழுவதும் புகைகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளால் சமைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் 80 விழுக்காட்டுக்கு மேலும் பீகாரில் 40 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தன. 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் எரிவாயு இணைப்பை ஏழை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால் அடுத்த சிலிண்டருக்குக் காசு வேண்டும், வறட்டிக்கோ பெண்ணின் உழைப்பே போதும், அவ்வுழைப்புக்கு வீட்டுக் கணக்கில் விலையில்லை.

2019-இல் வகுக்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களையே அலகாகக் கொண்டது. வயலும் அடுப்பும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே இம்மாநாட்டின் கட்டுரையாளர்கள், துகள் அளவு அட்டவணைக்குப் பக்கத்திலேயே அவ்வட்டாரத்தின் நெல் கொள்முதல் விலையையும் சிலிண்டர் விலையையும் பெண்களின் கூலியையும் வைத்து வாதிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.